ஸ்டோரேஜ் ரூட்டர் அமைக்கும் முன் போட வேண்டிய திட்டம்

சர்வர்கள் ஈதர்நெட்டில் ஐஸ்கஸி (iSCSI, டிஸ்க் கட்டளைகளை ஐபி நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) வழியாகப் பேசும். டிஸ்க் பெட்டி ஃபைபர் சேனலில் (சேமிப்பகத்துக்கென உள்ள தனி நெட்வொர்க்) இருக்கும். இரண்டையும் இணைப்பதுதான் ஸ்டோரேஜ் ரூட்டர். கேபிளைத் தொடும் முன் ஒரு அட்டவணை தயாராக இருக்கட்டும்.

படி 1: அட்டவணை

ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வரி: பெயர், ஐக்யூஎன் (IQN, ஐஸ்கஸியில் சர்வரின் அடையாளப் பெயர்), இரண்டு ஐபி முகவரிகள், அதற்குரிய லன் (LUN, டிஸ்க் பெட்டியில் ஒதுக்கிய பகுதி) எண். ரூட்டருக்கு மேலாண்மை ஐபி, ஐஸ்கஸி ஐபிகள், டபிள்யூடபிள்யூபிஎன் (WWPN, ஃபைபர் சேனல் போர்ட்டின் அடையாள எண்). இந்தக் கடைசி எண் 16 இலக்க ஹெக்ஸ். கையால் தட்டாமல் காப்பி செய்யுங்கள். சோனிங்கில் (ஃபைபர் சேனல் சுவிட்சில் யார் யாருடன் பேசலாம் என்று வகுப்பது) ஓர் எழுத்து தவறினாலும் பிழைச் செய்தி ஏதும் வராது, லன் மட்டும் கண்ணில் படாது.

படி 2: மூன்று நெட்வொர்க்

மேலாண்மைக்கு 10.10.10.0, ஐஸ்கஸி முதல் பாதைக்கு 10.10.20.0, இரண்டாம் பாதைக்கு 10.10.30.0 என்று பிரியுங்கள். இரண்டு பாதைகளையும் ஒரே சப்நெட்டில் (ஐபி முகவரித் தொகுதி) வைத்தால், லினக்ஸ் சர்வர் இயல்பாக ஒரே கார்டு வழியாகத்தான் அனுப்பும். பெயருக்குத்தான் மல்டிபாத் (ஒரே லனுக்குப் பல பாதைகள்). சர்வரும் ரூட்டரும் ஒரே சப்நெட்டில் இருப்பதால் ஐஸ்கஸி கார்டுகளுக்கு கேட்வே வேண்டாம். டிசிபி போர்ட் 3260 திறந்திருந்தால் போதும்.

படி 3: லன் மேப்பிங்

இங்கே நிதானமாக இருங்கள். டிஸ்க் பெட்டியின் கண்ணுக்கு ரூட்டர் மட்டுமே தெரியும், பின்னால் இருக்கும் சர்வர்கள் தெரியாது. ஆகவே யாருக்கு எந்த லன் என்பதைக் காக்கும் ஒரே சுவர் ரூட்டரின் அணுகல் பட்டியல். "எல்லோருக்கும் அனுமதி" என்று விட்டுவிட்டால் இரண்டு சர்வர்கள் ஒரே லனைத் திறந்துவிடும். கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் (பல சர்வர்கள் ஒரே டிஸ்கைப் பகிர வழிசெய்வது) இல்லாத நிலையில், எந்த பிளாக் காலி என்ற கணக்கை ஒவ்வொன்றும் தன் நினைவகத்தில் தனித்தனியே வைத்திருக்கும். ஒன்று எழுதியதன் மேல் மற்றொன்று எழுதும். தரவு சிதைந்தது பல நாள் கழித்துத்தான் தெரியவரும். ஐக்யூஎன் வாரியாக அனுமதி கொடுத்து, சாப் (CHAP, சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) ரகசியச் சொல்லும் வையுங்கள். விண்டோஸ் இனிஷியேட்டர் (சர்வரில் இருந்து ஐஸ்கஸி இணைப்பைத் தொடங்கும் மென்பொருள்) ஐபிசெக் (ஐபி தரவை மறையாக்கும் முறை) இல்லாதபோது இந்தச் சொல்லை 12 முதல் 16 எழுத்துக்குள் கேட்கும்.

படி 4: எம்டியு (MTU, ஒரே பாக்கெட்டில் செல்லும் உச்ச அளவு)

ஜம்போ ஃபிரேம் (வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட்) வேண்டுமென்றால் சர்வர், சுவிட்ச், ரூட்டர் மூன்றும் 9000-ஐ ஏற்க வேண்டும். துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். மீதி 28 பைட் ஹெடருக்கு. நடுவில் ஒரு சுவிட்ச் 1500-இல் நின்றாலும் லாகின் நடக்கும், லன் பட்டியலும் வரும், பெரிய ஃபைலை நகலெடுக்கும்போதுதான் தொங்கும். சந்தேகம் இருந்தால் 1500-லேயே விடுவது நல்லது.

படி 5: சேமிப்பும் சோதனையும்

இயல்பு கடவுச்சொல்லை மாற்றி, நேரத்தை என்டிபியில் (NTP, நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்வது) இணைத்து, கான்ஃபிகரேஷனைச் சேமித்து, ஒரு பிரதியை வெளியே வையுங்கள். பிறகு நகலெடுப்பு ஓடும்போதே ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். லினக்ஸில் இரண்டு நிமிடம் உறைந்து நின்றால், ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் (அறுந்த இணைப்பு திரும்ப வரக் காத்திருக்கும் நேரம்) இயல்பான 120 நொடியிலேயே இருக்கிறது. மல்டிபாத் உள்ள சர்வரில் அதை 5 நொடியாக்கி, ஐஸ்கஸி செஷனில் மறுபடி லாகின் செய்து, கேபிளை மீண்டும் பிடுங்கிப் பாருங்கள்.