பழைய கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டர் ஸ்லோ ஆனதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனுக்கோ வண்ணார்பேட்டைக்கோ போய், "ஐ3 ப்ராசஸர் இருக்கு, ஐ5 ஆக்கித் தாங்க" என்று கேட்பதுதான் முதல் தவறு. பெரும்பாலும் ப்ராசஸர் திணறுவதே இல்லை. வேலை வராமல் சும்மா நிற்கிறது.

புரோகிராமையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைத்து, கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றும் அமைப்பை ஜான் வான் நியூமன் 1945 ஜூனில் ஓர் அறிக்கையில் விவரித்தார். 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில் 'பேபி' என்ற மெஷின் அப்படி ஓடிக் காட்டியது. இன்றும் அடிப்படை அதுதான். அந்த நினைவகமான ராமிலிருந்து கட்டளை வராமல் ப்ராசஸருக்கு வேலை இல்லை. டிஸ்க்கிலிருந்து ஏற்றாமல் ராமில் புரோகிராம் இல்லை.

3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரின் ஒரு துடிப்பு, நானோ செகண்டில் மூன்றில் ஒரு பங்கு. கட்டளை ராமிலிருந்து வர ஏறத்தாழ 100 நானோ செகண்ட், அதாவது 300 துடிப்பு. 7,200 ஆர்.பி.எம். ஹார்டு டிஸ்க்கிலோ, சுழலும் தட்டில் வேண்டிய இடம் ஹெட்டுக்கு (படிக்கும் முனைக்கு) நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.17 மில்லி செகண்ட் ஆகும். அதற்குள் 1 கோடியே 25 லட்சம் துடிப்பு வீண். ஹெட் நகரும் நேரம் தனி. ஐ5 போட்டாலும் இந்தச் சுற்று குறையாது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சி.பி.யு. (ப்ராசஸர்) இருபதைத் தாண்டவில்லை என்றால், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சாட்டா இணைப்பில் மாட்டும், சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. போதும். பழைய போர்டில் இருப்பது வேகம் குறைந்த சாட்டா 2 தான் என்றாலும் தயங்க வேண்டாம். நொடிக்கு 300 எம்.பி.க்குள் நின்றாலும் தட்டு சுற்றி வரக் காத்திருப்பது போய்விடுகிறதே.

சி.பி.யு.தான் முட்டி நிற்கிறது என்றால் முதலில் தூசியைப் பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஜன்னலோரப் பெட்டிக்குள் மண் போய், ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் இடுக்கை அடைத்துவிடும். சூடு 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிது தடவுங்கள்.

வேறு வகை ராமை அமுக்கித் திணிப்பது அடுத்த தவறு. டி.டி.ஆர்.3க்கு 240 பின், 1.5 வோல்ட், டி.டி.ஆர்.4க்கு 288 பின், 1.2 வோல்ட். ராமின் அடியில் வெட்டு இருக்கும் இடமே வேறு. 4 ஜி.பி. போட்டு மூன்றே சொச்சம் காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். 32 பிட் விண்டோஸ் எட்டக்கூடிய நினைவக முகவரி மொத்தமே 4 ஜி.பி.; அதில் ஒரு பங்கை கிராபிக்ஸ் முதலான உறுப்புகள் எடுத்துக்கொள்ளும்.

செலவோடு சேராத தவறுகளும் உண்டு. கல்லூரித் தேர்வில் எனியாக் என்ற பழைய அமெரிக்கக் கம்ப்யூட்டரை 'புரோகிராமை நினைவகத்தில் வைத்த முதல் கம்ப்யூட்டர்' என்று எழுதுபவர்களும் உண்டு. 1946இல் வெளியுலகுக்குக் காட்டியபோது, புதிய கணக்கு என்றால் அதில் கேபிளைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும்.

ப்ராஜெக்ட் செய்வோர் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறிய கட்டுப்பாட்டு போர்டையும் வீட்டுக் கம்ப்யூட்டர் போலவே நினைத்துவிடுகிறார்கள். அதில் புரோகிராமுக்கு 32 கே.பி. ஃபிளாஷ் தனி, மாறிகளுக்கு 2 கே.பி. எஸ்.ராம் என்ற நினைவகம் தனி. நீளமான வாக்கியங்களை அப்படியே எழுதினால் அந்த 2 கே.பி. நிரம்பும், போர்டு ரீசெட் ஆகும், குப்பை எழுத்து வரும். வாக்கியங்களை F("...") என்று எழுதும் எஃப் மேக்ரோவுக்குள் போட்டால் ஃபிளாஷிலேயே தங்கும்.