பழைய பெட்டிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: லாமிங்டன் ரோடு போவதற்கு முன்

மும்பையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோட்டில் கிராபிக்ஸ் கார்டு வாங்கணும் என்று யார் வந்தாலும் நான் முதலில் பட்ஜெட்டைக் கேட்பதில்லை. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே மின்சாரம் கொடுக்கும் டப்பாவான எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நம் ஆட்கள் வீட்டில் இருக்கிற டெஸ்க்டாப்புகளில் நிறைய, ஏதாவது ஆபீஸ் லாட்டில் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவா பெட்டிகள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு போடுவார்கள் என்று நினைத்துச் செய்த பெட்டிகள் அல்ல அவை. கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் அந்த ஸ்டிக்கர் அனுமதிக்கிற கார்டுதான் உள்ளே ஓடும்.

ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் மொத்த வாட்டை விட்டுவிடுங்கள். 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று தேடுங்கள். 18 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்க 216 வாட். பிராசசரும் கார்டும் பெரும்பாலும் இதிலிருந்துதான் இழுக்கும். 12 வோல்ட் இரண்டு வரிசையாகப் பிரித்திருந்தால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் போடாதீர்கள். சேர்த்து இவ்வளவுதான் என்று கீழே ஒரு உச்ச வரம்பு எழுதியிருக்கும், அதுதான் கணக்கு. நான்காம் தலைமுறை ஐ5 ஒன்றுக்கு 84 வாட் போனால் மிச்சம் என்ன என்பது தெரிந்துவிடும். பெயர் தெரியாத லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் 500 வாட் என்று போட்டிருந்தாலும் நான் அந்த எண்ணை நம்புவதில்லை.

அடுத்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கார்டுக்கென்று 6 பின் அல்லது 8 பின் வயர் தொங்குகிறதா பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். 6 பின் வயர் இன்னொரு 75, 8 பின் என்றால் 150. ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த வயரே இருக்காது. அப்படியானால் உங்கள் எல்லை 75 வாட். கடையில், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவரை 6 பின்னாக மாற்றும் கனெக்டரை நீட்டுவார்கள், வாங்காதீர்கள். சாட்டா பிளக்கில் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 54 வாட்தான். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாமே என்றால், டெல் ஆப்டிபிளெக்ஸ் சில மாடல்களில் மதர்போர்டுக்குப் போவது வழக்கமான 24 பின் இல்லை, 8 பின். அதற்கென்று மாற்றுக் கேபிள் விற்கிறது. அதன் விலையையும் நல்ல எஸ்எம்பிஎஸ் விலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாட்டுங்காவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற தம்பி ஒருவன், ஆப்டிபிளெக்ஸ் 3020 மினி டவர் வைத்திருக்கிறான். ஐ5-4590, 290 வாட் எஸ்எம்பிஎஸ், தனி வயர் கிடையாது. "அண்ணாச்சி, கடைக்காரன் ஆர்எக்ஸ் 6400 எடுத்துக்கோங்கான். 53 வாட்தானாம், வயரே வேண்டாம், சொருகுனா ஓடும்ங்கான்" என்றான். "ஓடும்டே, ஆனா ஒன் வேலைக்கு ஒதவாது" என்றேன்.

காரணம் இரண்டு. லேன் என்பது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் ஓடும் பாதை. பிசிஐஇ என்பது அந்த ஸ்லாட்டின் வகை, பக்கத்தில் வரும் 2.0, 4.0 அதன் வேகத் தலைமுறை. அந்தக் கார்டு ஸ்லாட்டில் 16 லேன் நீளத்துக்கு உட்கார்ந்தாலும் உள்ளே பயன்படுத்துவது 4 லேன்தான். பிசிஐஇ 4.0 போர்டில் அது போதும். இவனுடையது எச்81 சிப்செட் போர்டு. கிராபிக்ஸ் ஸ்லாட் 2.0 வேகத்தைத் தாண்டாது. 4 லேன், 2.0 என்றால் நொடிக்குச் சுமார் 2 ஜிபி. கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பி, ரேமிலிருந்து இழுக்க ஆரம்பித்த நிமிடமே படம் திக்கும். இரண்டாவது காரணம் அதைவிடப் பெரியது. வீடியோவைச் சுருக்கி எழுதும் தனிப் பகுதியான என்கோடரே ஆர்எக்ஸ் 6400-இல் கிடையாது. கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் பாரம் முழுக்கப் பழைய ஐ5 தலையில்தான் விழும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியும் இந்த இரண்டு விஷயத்திலும் அப்படியே. போதாக்குறைக்கு அதற்குத் தனி வயரும் வேண்டும்.

அவனுக்கு ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடலைச் சொன்னேன். 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட், தனி வயர் வேண்டாம், 8 லேன், என்கோடர் உண்டு. வயர் இல்லாத பழைய பெட்டிக்கு இன்றைக்கும் என் முதல் தேர்வு இதுதான். அதே பெயரில் 8 ஜிபி மாடலும் இருக்கிறது. அது 130 வாட், தனி வயர் கேட்கும். கார்டின் அட்டைப்பெட்டியில் இருக்கும் ஜிபி எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இதற்குக் கீழே போகணும் என்றால் ஜிடிஎக்ஸ் 1650. அது 75 வாட் கார்டுதான், ஆனால் சில கம்பெனி மாடல்களில் 6 பின் சாக்கெட் வைத்திருப்பார்கள். சாக்கெட் இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் 8 பின் வயரும் இருக்கிற அசெம்பிள் பெட்டிக்கு ஆர்எக்ஸ் 6600 போடலாம்: 132 வாட், 8 ஜிபி. இன்டெல் ஆர்க் கார்டுகள் பக்கம் பழைய பெட்டிக்காரர்கள் போகவே வேண்டாம். கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்டவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் அதன் வேகம் பாதாளத்துக்குப் போய்விடும்.

ஜிடி 730 "4 ஜிபி" என்று புத்தம்புதுப் பெட்டியில் வைத்து இன்னமும் விற்கிறார்கள். மெமரி அளவு வேகம் அல்ல. அது 2014 காலத்துக் கார்டு. இரண்டு மானிட்டர் மாட்டத்தான் ஆகும், விளையாட ஆகாது. ஜிடி 1030 வாங்கினால் டிடிஆர்4 மெமரியா, ஜிடிடிஆர்5 மெமரியா என்று கேளுங்கள். முதலாவதின் மெமரி வேகம் இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குதான்.

ஒல்லிப் பெட்டி என்றால் பாதி உயரக் கார்டு வேண்டும். சின்ன பிராக்கெட் கூடவே வருகிறதா பாருங்கள். ஒல்லிப் பெட்டிகளில் ஸ்லாட் 75 வாட் முழுதும் கொடுக்காத மாடல்களும் உண்டு, மேனுவலில் இருக்கும். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் கன்வெர்ட்டருக்கும் காசு ஒதுக்குங்கள். இப்போதைய கார்டுகளில் விஜிஏ சிக்னலே கிடையாது.

கேம் ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால், இப்போதிருக்கிற நிலையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். பிராசசர் 100-இல் நின்று கிராபிக்ஸ் பாதியில் நின்றால் புதுக் கார்டு அதைத் தீர்க்காது. ஒற்றை 8 ஜிபி ரேம் இருந்தால் ஜோடியாக இன்னொன்று போட்டு, அப்புறம் யோசியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் நான் கார்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். கடலோர ஊர் இது. பிராக்கெட் திருகில் செந்துரு, ஹீட்சிங்க் தகடுகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி, தங்க நிறக் காண்டாக்டில் கரும்புள்ளி இருந்தால் பல மழைக்காலத்தை ஈரத்தில் கழித்த கார்டு. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஃபேனை விரலால் ஆட்டிப் பாருங்கள், அச்சு லொடலொட என்று ஆடக் கூடாது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளை ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங் நின்ற பிறகு, ராத்திரி பகலாக ஓடிய ஆர்எக்ஸ் 580-கள் சந்தையில் கொட்டின. அதில் 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு. பெயர்தான் 580, உள்ளே 570-க்குச் சமம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் மாற்றிய போலிகளும் உண்டு. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற சாப்ட்வேரை ஓடவிட்டால் போலியைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அசல் 1050 டிஐ-க்கே, 2025 அக்டோபரோடு என்விடியா புது கேம்களுக்கான டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். 1650-க்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கடைக்குப் போகும்போது கேபினட்டையே தூக்கிக்கொண்டு போங்கள். தாதரில் மாறி ஸ்லோ வண்டி பிடித்து கிராண்ட் ரோடில் இறங்க வேண்டும், ஃபாஸ்ட் நிற்காது. மதியக் கூட்டம் குறைந்த நேரமாகப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் பெட்டிகளில் போர்டைத் தொடக்கிவைக்கும் பழைய பயாஸ் சாப்ட்வேர், புதுக் கார்டைப் பார்த்ததும் டிஸ்ப்ளேயே தராமல் நிற்பதுண்டு. பயாஸ் அப்டேட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு, கடையில் மாட்டி டிஸ்ப்ளே வந்த பிறகு பணம் கொடுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். பக்கா பில்லே கேளுங்கள், கார்டின் சீரியல் நம்பரை அதில் எழுதச் சொல்லுங்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும்போது அந்த நம்பர்தான் பேசும்.

வீட்டில் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள். டிரைவர் போட்டபின் ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டு தானே இறங்கியிருக்கிறது. பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் உண்மை வேகம் வரும். 8 லேன் கார்டு அப்போதும் 4 என்றே காட்டினால் பவரை அணைத்து, கார்டைக் கழற்றி, காண்டாக்டைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசி ஊதிவிட்டு, கிளிப் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள்.