டீசல் டேங்கில் அடிட்டிவ் ஊற்றுவதற்கு முன்

மைலேஜைக் கூட்டும், என்ஜினைச் சுத்தம் செய்யும் என்றெல்லாம் சொல்லி விற்கப்படும், டீசலில் கலக்கும் திரவம்தான் அடிட்டிவ். பணிமனையில் 400 ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு புட்டி அடிட்டிவ் 50 லிட்டர் டீசலுக்குப் போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் டீசல் லிட்டருக்கு 8 ரூபாய் கூடிவிடுகிறது. டீசலின் விலை லிட்டர் 92 ரூபாய் என்றால், போட்ட பணம் திரும்பி வருவதற்கே மைலேஜ் ஏறத்தாழ 8.7 சதவீதம் உயர வேண்டும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடிய வண்டி 19.5-ஐத் தாண்ட வேண்டும். புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகளைப் படிப்பதற்கு முன்பு, நீங்கள் வாங்கும் புட்டியின் விலையையும் அது எத்தனை லிட்டருக்கு என்பதையும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான புட்டிகளைக் கடையிலேயே விட்டுவர இது ஒன்றே போதுமானது.

அந்த அளவு மைலேஜ் ஏன் கூடாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. 50 லிட்டரில் 250 மில்லி கலந்தால் அது கலவையில் அரை சதவீதம்தான். அதனால் டீசலில் அடங்கியுள்ள ஆற்றல் கூடப்போவதில்லை. ‘எரிபொருளை முழுமையாக எரிய வைக்கிறது’ என்பது அடுத்த வாக்குறுதி. சரியான நிலையில் உள்ள டீசல் என்ஜினில் உள்ளே போகும் எரிபொருளில் 98 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. வீணாவதெல்லாம் எரியாத டீசலாக அன்று, வெப்பமாகச் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போகிறது, அதை எந்தத் திரவத்தாலும் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே நல்ல நிலையில் உள்ள என்ஜினுக்கு அடிட்டிவ் தருவதற்கு எதுவும் மிச்சமில்லை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனியான நாசில் அடைத்தோ டீசல் கெட்டோ இழந்துபோன திறனை மீட்பதற்கு மட்டுமே அது உதவ முடியும், அதுவும் நோய்க்கு ஏற்ற மருந்தாக இருந்தால்.

தேவையான பொருள்கள் பலவும் பெட்ரோல் பங்கிலிருந்து வரும் டீசலிலேயே இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பிஎஸ் 4-இல் அது 50 பங்கு. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு, டீசலுக்கு இயல்பாக இருந்த மசகுத்தன்மையையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் கந்தகம் மிகக் குறைந்த டீசலைக் கொண்டுவந்தபோது, டீசலையே மசகாகக் கொண்டு சுழலும் ரோட்டரி பம்புகள் விரைவில் தேய்ந்து பழுதாயின. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் மசகுத்தன்மைக்கும் தர வரம்பு வந்தது. இந்தியத் தரமான ஐஎஸ் 1460-இன்படி, சோதனையில் உராயும் எஃகுக் குண்டில் ஏற்படும் தேய்வுத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. தேவைப்பட்டால் அதற்கான சேர்மத்தை எண்ணெய் நிறுவனமே கலந்துவிடும். டீசல் எவ்வளவு விரைவாகத் தீப்பற்றும் என்பதைக் காட்டும் செட்டேன் எண்ணும் குறைந்தது 51 இருக்க வேண்டும் என்பதால், செட்டேனை உயர்த்தும் 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட்டைத் தனியாக வாங்கி ஊற்றுவதில் நம் ஊர் வெயிலில் பெரிய பயன் இல்லை. காலையில் என்ஜினின் கடகடப்பு சற்றுக் குறையலாம், அவ்வளவுதான்.

எனவே முதல் வேலை நோயைக் கண்டறிவது. கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டர், டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய், புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். காற்றுப் போதாமல் வரும் புகையை டீசலில் எதைக் கலந்தும் நிறுத்த முடியாது. நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். வெள்ளைப் புகை எரியாத டீசலாகவும் இருக்கலாம், உள்ளே கசியும் கூலன்டாகவும் இருக்கலாம். இழுவை குறைந்திருந்தால் டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாறியது என்று பாருங்கள். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியாக இருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; ஒன்று மட்டும் அதிகம் திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் அது உள்ளே தேய்ந்திருக்கிறது. தேய்ந்துபோன உலோகத்தை எந்தப் புட்டியும் வளர்க்காது.

இவற்றுக்கெல்லாம் முன்பு பார்க்க வேண்டியது தண்ணீர். டீசல் வண்டிக்கு அடிட்டிவ் போடாததால் நேரும் சேதத்தைவிடத் தண்ணீரை வடிக்காததால் நேரும் சேதம் பல மடங்கு என்பதே என் கணிப்பு. காமன் ரெயிலில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1600 மடங்குக்கும் (1600 பார்) மேலான அழுத்தத்தில், சில மைக்ரான் இடைவெளியில் நகரும் பாகங்களுக்குள் நீர்த்துளி புகுந்தால் துருவும் தேய்வும் உடனே தொடங்குகின்றன. மழைக்காலத்தில் பங்கின் நிலத்தடித் தொட்டியில் நீர் கசியலாம். பாதி காலியான வண்டி டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் படியலாம். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, கையேடு சொல்லும் இடைவெளியில் நீரை வடித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் டீசல் பிடித்து ஓர் இரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். நல்ல டீசல் பளிச்சென்று தெளிந்திருக்கும். நீர் கலந்தது மங்கலாக இருக்கும் அல்லது அடியில் நீர் தனியே நிற்கும். பங்கிலேயே அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு; ஹைட்ரோமீட்டரும் தெர்மாமீட்டரும் அங்கே இருக்க வேண்டும், 15 டிகிரிக்குத் திருத்திய அடர்த்தி பதிவேட்டில் உள்ளதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வேறுபடக் கூடாது.

நீரை நீக்குவதாகச் சொல்லும் அடிட்டிவ்களில் இரண்டு வகை உண்டு, இந்த வேறுபாட்டை அறியாமல் வாங்கக் கூடாது. ஒரு வகை நீரை டீசலிலிருந்து பிரித்து அடியில் தங்க வைக்கிறது. பிறகு அதை வடித்துவிடலாம். மற்றொன்று நீரை நுண்துளிகளாக உடைத்து டீசலோடு கலக்கிவிடுகிறது. கேட்க வசதியாகத் தோன்றினாலும், நீரைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஃபில்டரை ஏமாற்றி, அதை நேரே இன்ஜெக்டருக்கே அனுப்பி வைப்பது இந்த வகைதான். காமன் ரெயில் வண்டிகளில் இதைத் தவிர்க்க வேண்டும்.

டீசல் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் இடங்களில் கதை மாறுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டர் ஓர் எடுத்துக்காட்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் கரையேற்றி நிறுத்தப்படும் விசைப்படகு மற்றொன்று. டேங்கின் அடியில் தங்கிய நீரும் மேலே உள்ள டீசலும் சேரும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. ஐஎஸ் 1460 அனுமதிக்கும் 7 சதவீதம் வரையிலான பயோடீசல் கலந்திருந்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயல்பு இன்னும் கூடும். புதிதாக மாற்றிய ஃபில்டர் சில நாள்களிலேயே அடைத்து, அதில் கறுத்த, வழுக்கலான, கெட்ட வாடை வீசும் படலம் இருந்தால் அதுவே அடையாளம். இங்கே கிருமிக்கொல்லி அடிட்டிவுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. ஆனால் முதலில் அடிநீரை முழுவதும் வடிக்க வேண்டும், கையுறை அணிந்து லேபிளில் உள்ள அளவை மட்டும் ஊற்ற வேண்டும், செத்து மிதக்கும் கழிவு ஃபில்டரை அடைக்கும் என்பதால் மாற்று ஃபில்டர் இரண்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். படலம் தடித்துப்போயிருந்தால் டேங்கைத் திறந்து கழுவுவதைத் தவிர வழியில்லை. தடைக்காலத்துக்கு முன்பே டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும். இந்த முன்யோசனைக்குச் செலவே கிடையாது.

நாசில் சுத்தம் செய்யும் வகைக்கும் ஓர் இடம் உண்டு. மனித முடியின் தடிமனை ஒத்த துளைகளில் கரி படிந்து தெளிப்பின் வடிவம் கெடும்போது, பாலிஐசோபியூட்டிலீன் சக்சினிமைடு போன்ற சுத்திகரிப்புச் சேர்மங்கள் அதைப் படிப்படியாகக் கரைப்பது சோதனைகளில் உறுதியான உண்மை. ஐடிலில் (வண்டி நிற்கும்போது ஓடும் என்ஜினில்) தடுமாற்றம், சற்றே கூடிய புகை, குறைந்த இழுவை ஆகிய மூன்றும் சேர்ந்து, மற்றக் காரணங்கள் எல்லாம் சரிபார்க்கப்பட்ட பிறகும் நீடித்தால், இரண்டு மூன்று டேங்குகளுக்கு இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். இரட்டிப்பு அளவு ஊற்றினால் இரட்டிப்புச் சுத்தம் கிடைக்காது. சில மலிவான சுத்திகரிப்பான்கள் அளவு மீறும்போது இன்ஜெக்டரின் உள்ளே பிசின் போன்ற படிவை உண்டாக்குகின்றன. பங்கில் கூடுதல் விலைக்கு விற்கப்படும் பிரீமியம் டீசலிலும் இதே வகைச் சேர்மம்தான் இருப்பதால், அதை நிரப்பிவிட்டு மேலே ஒரு புட்டியையும் ஊற்றுவது வேண்டாத செலவு.

நாமக்கல்லிலிருந்து குளிர்காலத்தில் வடக்கே மலைப்பகுதிக்குப் போகும் லாரிகளுக்கு மட்டும் தனியாக ஒரு சொல். தர விதியின்படி டீசல் குளிர்காலத்தில் 6 டிகிரி வரையிலும் கோடையில் 18 டிகிரி வரையிலும் ஃபில்டர் வழியே ஓடினால் போதுமானது. அதற்குக் கீழே டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கலாம். உறைவைத் தடுக்கும் அடிட்டிவ் உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் மெழுகு படியத் தொடங்குவதற்கு முன்பே கலந்திருக்க வேண்டும்; உறைந்த டேங்கில் ஊற்றிப் பயனில்லை. லடாக் போன்ற இடங்களில் இந்தியன் ஆயில் 2019 முதல் விற்கும் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை அங்கேயே நிரப்பிக்கொள்வது இன்னும் நல்லது.

பல பிஎஸ் 6 வண்டிகளில் புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் டிஇஎஃப் திரவத்தையும் அடிட்டிவ் என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். 32.5 சதவீதம் யூரியாவும் மீதி நீருமான அந்தக் கரைசலுக்குத் தனி டேங்க் உண்டு, அதன் மூடி பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக் கூடத் திருப்பாமல் வண்டியைத் தள்ளி நிறுத்தி டேங்கை இறக்க வேண்டும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை எல்லாவற்றையும் மாற்றும் செலவு வந்து சேரும்.

கைமருந்துகளைப் பொறுத்தவரை என் பதில் குறுகியது. மண்ணெண்ணெய் கலப்பது பம்புக்கு வேண்டிய மசகைக் குறைக்கும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தால் அதிலுள்ள உலோகச் சேர்மங்கள் சாம்பலாக, புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-இல் தங்கும்; கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது. பெட்ரோல் கலப்பது தீ விபத்துக்கான வழி.

இவ்வளவையும் பார்த்த பிறகும் ஊற்றுவது என்று முடிவெடுத்தால், முதலில் வண்டியின் கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். தயாரிப்பாளர் தடுத்திருக்கும் பொருளைப் பயன்படுத்தினால் உத்தரவாதக் காலத்தில் இன்ஜெக்டருக்கு ஈடு கேட்பது கடினமாகும். சிலிகான், உலோகம் கலக்காத புட்டியாகப் பார்த்து வாங்குங்கள். டீசல் நிரப்புவதற்கு முன்பு அடிட்டிவை ஊற்றினால் நிரப்பும் வேகத்திலேயே நன்றாகக் கலந்துவிடும். பழைய டேங்காக இருந்தால், இளகி வரும் அழுக்குக்காக முதல் டேங்க் முடிந்ததும் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். பலனை அளப்பதற்கு, ஊற்றுவதற்கு முன்பே மூன்று டேங்குகளின் கணக்கை எழுதி வைத்திருக்க வேண்டும்: ஒரே பெட்ரோல் பங்க், ஒரே பம்ப், டீசல் நிரப்பும் துப்பாக்கி தானாக நிற்கும் முதல் நிறுத்தம் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்த எண். சுமையும் சாலையும் ஏசியும் மாறினாலே இந்த எண் 5 சதவீதம் ஏறி இறங்கும் என்பதால், ஒரே ஒரு டேங்கைப் பார்த்துவிட்டு மைலேஜ் கூடியதாக மகிழ வேண்டாம். அடிட்டிவ் ஊற்றி மூன்று டேங்க், பிறகு ஊற்றாமல் மூன்று டேங்க் என்று ஒன்பது எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நடுவில் உள்ள மூன்றும் தனித்து உயர்ந்து நிற்கவில்லை என்றால், அடுத்த 400 ரூபாயை நல்ல டீசல் ஃபில்டருக்கு ஒதுக்கிவிடுங்கள்.