பாலஸ்தீன எழுச்சிகள் பற்றிய ஆய்வுகளை வாசிப்பது எப்படி: நெல்லை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பகுதிக் கல்லூரிகளில் வரலாறும் அரசியல் அறிவியலும் பயிலும் மாணவர்கள் கருத்தரங்குக்காகப் பாலஸ்தீன எழுச்சிகளைப் பற்றி எழுத முன்வருவது அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. அவ்வாறு எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தடுமாறுகின்றன. பல ஆய்வாளர்களின் கூற்றுகளை அடுத்தடுத்து அடுக்கிவிட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் ஏன் மறுக்கிறார் என்பதை விளக்காமலேயே கட்டுரை முடிவுரைக்குத் தாவிவிடுகிறது. ஆனால் இந்தத் துறையில் நிகழும் சச்சரவுகளில் பாதிக்கு மேல், இருவர் ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொல்வதால் வருபவை அல்ல. இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்வதால் வருபவை. எனவே எந்த நூலை எடுத்தாலும் ஆசிரியரின் முடிவைக் குறித்துக்கொள்வதற்கு முன், அவர் எந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருக்கிறார் என்பதை உங்கள் சொந்த நடையில் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியம் உருவாகவில்லையென்றால் முன்னுரையை இன்னொரு முறை படிப்பது நல்லது.

முதலில் ஓர் எழுச்சியை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1936 முதல் 1939 வரை நடந்த அரபுக் கிளர்ச்சி, 1987 டிசம்பரில் தொடங்கிய முதல் இன்டிஃபாதா (மக்கள் எழுச்சியைக் குறிக்கும் அரபுச் சொல்), 2000 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் இன்டிஃபாதா ஆகிய மூன்றும் தலைமையிலும் முறையிலும் எதிராளியிலும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. மூன்றையும் ஒரே கட்டுரையில் அடக்க முயல்வோரிடம் தேதிகள்தாம் மிஞ்சுகின்றன. புதிதாக எழுதுவோர் முதல் இன்டிஃபாதாவை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அதைப் பற்றிய ஆய்வு முதிர்ந்திருக்கிறது, சான்றுகளும் பலவகையாகக் கிடைக்கின்றன. 2023 அக்டோபருக்குப் பிந்தைய நிகழ்வுகளைப் பற்றிய எழுத்து இன்னும் அன்றாடச் செய்தியோடு கலந்தே கிடப்பதால், அதை முதல் கட்டுரைக்குரிய பொருளாகக் கொள்ளாதிருப்பதே நல்லது.

அடுத்து, ஒவ்வோர் ஆய்வாளரும் கதையை எந்த ஆண்டில் தொடங்குகிறார் என்று பாருங்கள். பரூக் கிம்மர்லிங்கும் ஜோயல் மிக்டாலும் பாலஸ்தீன மக்களின் வரலாற்றை எழுதும்போது, எகிப்திய ஆட்சிக்கு எதிராக 1834இல் எழுந்த கிளர்ச்சியிலிருந்து தொடங்குகிறார்கள். ரஷீத் காலிதி தம் நூற்றாண்டுப் போர் பற்றிய நூலில் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைய ஆதரவளிப்பதாக பிரிட்டன் அறிவித்த பால்ஃபர் அறிக்கை வெளியான 1917ஐத் தொடக்கமாகக் கொள்கிறார். முன்னவர்களின் வாசிப்பில் உழவரும் நகரத்தாரும் சேர்ந்து ஒரு சமூகமாக உருவாகிவரும் நெடிய போக்கு முன்னிற்கிறது; பின்னவரின் வாசிப்பிலோ வெளியிலிருந்து வந்த பேரரசு ஆதரவோடு நடந்த குடியேற்றமே அச்சாணி. தொடக்க ஆண்டை ஒப்புக்கொண்ட வாசகர் காரணத்தையும் பாதி ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுகிறார்.

முதல் இன்டிஃபாதாவிலும் இதே நிலைதான். 1987 டிசம்பர் 8 அன்று காசாவில் இஸ்ரேலிய இராணுவ வண்டி மோதியதில் நான்கு பாலஸ்தீனர்கள் இறந்தனர். மறுநாள் ஜபாலியா அகதி முகாமில் போராட்டம் வெடித்தது. இதைத் தொடக்கமாகக் கொண்டால் எழுச்சி ஒரு திடீர் வெடிப்பாகவே தோன்றும். இஸ்ரேலியச் செய்தியாளர்களான ஸெயெவ் ஷிஃபும் எஹூத் யாரியும் எழுதிய நூல், இஸ்ரேலிய உளவுத்துறை, துனிஸிலிருந்த பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைமை ஆகிய இரண்டையுமே இந்நிகழ்வு திகைக்க வைத்தது என்று காட்டுகிறது. யூஸ்ட் ஹில்டர்மன் அதற்கு முந்தைய ஆண்டுகளில் மேற்குக் கரையிலும் காசாவிலும் வளர்ந்த தொழிற்சங்கங்களையும் பெண்கள் அமைப்புகளையும் ஆராய்கிறார்; அவர் கண்ணில் இது நெடுநாள் அணிதிரளலின் விளைவு. இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று எழுதிவிடாதீர்கள். முன்னது ‘ஏன் அன்று?’ என்று கேட்கிறது; பின்னது ‘இத்தனை ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது?’ என்று கேட்கிறது.

எழுச்சியை ஓர் அதிகாரத்திலும் அதை அரசு எதிர்கொண்ட விதத்தை வேறோர் அதிகாரத்திலும் பிரித்து எழுதும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அடக்குமுறை எழுச்சியின் வடிவத்தை மாற்றுகிறது; மாறிய வடிவம் அடுத்த அடக்குமுறைக்குக் காரணமாகிறது. இதை நெல்லைக்காரர்களுக்கு விளங்க வைப்பது எளிது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதை அடுத்து 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் எழுந்த கொந்தளிப்பில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு நால்வர் பலியாயினர். அதன்பின் அரசு கூடுதல் போலீஸ் படையை ஊரில் நிறுத்தி, அந்தச் செலவை ஊரார் தலையிலேயே வரியாகக் கட்டியது. 1936–39 கிளர்ச்சியின்போது பாலஸ்தீனத்திலும் பிரிட்டிஷ் நிர்வாகம் கிராமங்கள் மீது கூட்டு அபராதம் விதித்தது; தண்டனையாகப் போலீஸை அங்கே தங்கவைத்து அதன் செலவையும் கிராமத்தாரிடமே வசூலித்தது; வீடுகளை இடித்தது. பேரரசின் அடக்குமுறை உத்திகள் ஆட்களோடு சேர்ந்து பயணப்பட்டன என்பதற்குக் கல்கத்தா போலீஸ் கமிஷனராக இருந்த சார்ல்ஸ் டெகார்ட் சான்று. 1937இன் இறுதியில் பாலஸ்தீனத்துக்கு அழைக்கப்பட்ட அவர் பெயரால்தான் அங்கே கட்டப்பட்ட போலீஸ் கோட்டைகள் இன்றும் வழங்குகின்றன. இந்தக் காலத்து ஒடுக்குமுறையை மேத்யூ ஹியூஸ் பிரிட்டிஷ் ஆவணங்களைக் கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார். வயது வந்த அரபு ஆண்களில் பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காயமுற்றோ சிறைப்பட்டோ நாடுகடத்தப்பட்டோ போயினர் என்பது காலிதியின் மதிப்பீடு. இஸ்ரேல் உருவான 1948இல் அந்தச் சமூகம் தலைமையும் ஆயுதமும் இழந்து நின்றதற்கு இதையே அவர் முதன்மைக் காரணமாகக் காண்கிறார். பிரிட்டிஷார் 1945இல் தொகுத்த அவசரகாலப் பாதுகாப்பு விதிகளில் 119ஆம் விதி, மேற்குக் கரையையும் காசாவையும் இஸ்ரேல் கைப்பற்றிய 1967க்குப் பின் இஸ்ரேலிய இராணுவம் தண்டனையாக வீடுகளை இடிப்பதற்குச் சட்ட ஆதாரமாயிற்று. இரண்டு எழுச்சிகளை ஒப்பிட விரும்புவோர் ‘வீரம்’, ‘தியாகம்’ என்ற பொதுச் சொற்களை விட்டு, இத்தகைய ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு போவது நலம்.

1936ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் படிப்போர் சான்று இல்லாத இடங்களையும் குறித்துவைக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் கோப்புகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன. கிளர்ச்சி செய்த உழவர்களுக்கு ஆவணக் காப்பகம் இல்லை. அதனால்தான் டெட் ஸ்வீடன்பர்க், அந்தக் கிளர்ச்சியில் பங்கேற்று 1980களில் முதியவர்களாக இருந்தோரைத் தேடிச் சென்று அவர்களின் நினைவுகளைப் பதிவு செய்தார். நினைவு வழியாக வரும் செய்தி பிற்கால அரசியலின் சாயத்தோடு வருகிறது என்பதை அவரே எடுத்துப் பேசுகிறார். 1982இல் பெய்ரூட்டில் பாலஸ்தீன ஆய்வு மையத்தின் நூலகத்தை இஸ்ரேலிய இராணுவம் எடுத்துச் சென்றதும், 2001இல் கிழக்கு ஜெருசலேமில் பாலஸ்தீனத் தலைமையின் அலுவலகமாக இயங்கிய ஓரியன்ட் ஹவுஸ் மூடப்பட்டபோது அங்கிருந்த ஆவணங்கள் கைப்பற்றப்பட்டதும் இதே கணக்கில் சேர வேண்டியவை.

முதல் இன்டிஃபாதாவுக்கு அப்படியொரு பஞ்சம் இல்லை. ஒருங்கிணைந்த தேசியத் தலைமை என்ற மறைமுக அமைப்பு எண்ணிட்ட துண்டறிக்கைகளை வெளியிட்டு, எந்த நாளில் கடையடைப்பு, எந்த நேரத்தில் கடை திறக்கலாம், எந்தப் பொருளைப் புறக்கணிக்க வேண்டும் என்று ஊராருக்கு அறிவித்தது. அடைக்கச் சொன்ன நேரத்தில் படையினர் பூட்டை உடைத்துக் கடையைத் திறக்க வைத்தார்கள்; திறக்கச் சொன்ன நேரத்தில் மூட வைத்தார்கள். புதிதாக உருவான ஹமாஸும் தனியே துண்டறிக்கை போட்டுத் தனியே வேலைநிறுத்த நாள் குறித்தது. ஷாவுல் மிஷாலும் ருவென் அஹரோனியும் இவ்விரு தரப்புத் துண்டறிக்கைகளையும் மொழிபெயர்த்துத் தொகுத்திருக்கிறார்கள். அவற்றில் பத்தை எடுத்து, கட்டளைகளை மட்டும் பட்டியலிட்டுப் பார்த்தால், எழுச்சிக்குள்ளேயே யார் அதிகாரம் செலுத்துவது என்ற போட்டி நடந்தது கண்கூடாகத் தெரியும். எந்த மேற்கோளையும்விட இந்தப் பயிற்சி கட்டுரைக்கு வலுச் சேர்க்கும்.

பெய்த் சாஹூர் என்ற சிற்றூரின் கதையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். பெத்லகேமை ஒட்டிய, கிறித்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. பிரதிநிதித்துவம் இல்லாத ஆட்சிக்கு வரி இல்லை என்று ஊரார் வரி கட்ட மறுத்தார்கள். 1989 செப்டம்பரில் இராணுவம் ஊரை வளைத்து ஏறத்தாழ ஆறு வாரம் அடைத்துவைத்தது. வரிப்பாக்கிக்கு ஈடென்று வீடுகளிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களையும், பட்டறைகளிலிருந்து இயந்திரங்களையும், கடைகளிலிருந்து சரக்கையும் வண்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். அவ்வாண்டு நவம்பரில் இது ஐ.நா. பாதுகாப்பு அவைக்குச் சென்றது. அமெரிக்கா தன் மறுப்பு வாக்கால் தீர்மானத்தைத் தடுத்தது. அறவழிப் போராட்டத்தின் வெற்றிக்கு இதைச் சான்று காட்டுவோர் உண்டு. பிற ஊர்கள் இதே அளவுக்குப் பின்தொடராததால் ஓர் ஊர் தனித்து நசுங்கியதற்குச் சான்று காட்டுவோரும் உண்டு. இரண்டையும் எழுதுங்கள், ஆனால் முன்னவர் ஊரின் ஒற்றுமையை அளக்கிறார், பின்னவர் இயக்கத்தின் வீச்சை அளக்கிறார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வன்முறை பற்றிய விவாதம்தான் எல்லாவற்றிலும் செழிப்பானது. மேரி எலிசபெத் கிங் முதல் இன்டிஃபாதாவை அறவழிச் சிந்தனை பரவியதன் விளைவாகப் படிக்கிறார். கல்லெறிதலும் பெட்ரோல் குண்டும் இருந்ததைச் சுட்டும் ஜெரமி பிரெஸ்மன், ஆயுதப் போர், அறவழி என்ற இரண்டு பெட்டிகளில் மட்டும் இதை அடைக்க முடியாது, ஆயுதமற்ற வன்முறை என்று மூன்றாவதொன்று வேண்டும் என்கிறார். வெண்டி பேர்ல்மனோ அமைப்பைப் பார்க்கிறார். ஓர் இயக்கம் அறவழியில் நிலைக்க வேண்டுமானால் அதற்கு உட்கட்டுப்பாடும் ஒற்றுமையும் தேவை, சிதறிய இயக்கம் வன்முறைக்குச் சரிகிறது என்பது அவருடைய வாதம். இதை அவர் பல காலகட்டங்களில் வைத்துச் சோதிக்கிறார். மூவரில் பேர்ல்மனின் விளக்கமே எனக்கு அதிகம் உதவுகிறது. 1988 ஜனவரியில் ‘வலிமையும் அடியும்’ என்ற கொள்கையை இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சர் இட்சாக் ராபின் அறிவித்த பிறகு நடந்த பெருந்தொகையான கைதுகளையும் நாடுகடத்தல்களையும் எழுச்சியின் பிற்காலச் சிதைவோடு அது இணைத்துப் பார்க்க வைக்கிறது. அறவழி மையம் ஒன்றை நிறுவிய முபாரக் அவத் 1988 ஜூனில் நாடுகடத்தப்பட்டதையும் இங்கே நினைவுகொள்ளலாம்.

காந்தியை மேற்கோள் காட்டாத தமிழ்க் கட்டுரை இந்தப் பொருளில் அரிது. 1938 நவம்பரில் ‘ஹரிஜன்’ இதழில் அவர் எழுதியதன் முதல் பகுதியை, அதாவது இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு உரியது போலப் பாலஸ்தீனம் அரபுகளுக்கு உரியது என்பதை, எல்லோரும் எடுக்கிறார்கள். அதே கட்டுரையில், அரபுகள் அறவழியைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று தாம் விரும்புவதாகவும், ஆயினும் அத்தனை பெரிய வலிமைக்கு எதிரான அவர்களது எதிர்ப்பைக் குறைகூற இயலாதென்றும் அவர் எழுதியதை விட்டுவிடுகிறார்கள். தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் 1939இல் அவருக்கு எழுதிய மறுமொழியையும் சேர்த்தால்தான் அந்தப் பத்தி முழுமை பெறும்.

இரண்டாம் இன்டிஃபாதாவை எடுப்போர் எண்களில் விழிப்பாக இருக்க வேண்டும். 2002 ஏப்ரலில் ஜெனின் அகதி முகாமில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதாக முதலில் பரவியது; ஆனால் ஐ.நா. பொதுச் செயலாளரின் அறிக்கை குறைந்தது 52 பாலஸ்தீனர்களும் 23 இஸ்ரேலியப் படையினரும் இறந்ததாகக் கணக்கிட்டது. பரவிய எண்ணை எடுத்தாள்வோர் தங்கள் வாதத்தைத் தாங்களே பலவீனப்படுத்துகிறார்கள். 52 என்ற எண்ணை மட்டும் சொல்லி, முகாமின் நடுப்பகுதி தரைமட்டமானதை விட்டுவிடுவோரும் அப்படித்தான்.

எண்களைக் கொண்டு முடிவு காண்பது எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்ட இரண்டு ஆய்வுக்கட்டுரைகளை அருகருகே வைத்துப் படிக்கச் சொல்வேன். பொருளியலாளர்களான டேவிட் ஜேகரும் டானியேல் பாசர்மனும் 2008இல் வெளியிட்ட கட்டுரை, உயிரிழப்புகளை நாள்வாரியாக ஆராய்ந்து, பாலஸ்தீனத் தாக்குதலுக்கு இஸ்ரேல் கணிக்கத்தக்க வகையில் பதிலடி தருகிறது, மறுதிசையில் அத்தகைய ஒழுங்கு இல்லை என்றது. 2010இல் யோஹானஸ் ஹவுஷோஃபர் உள்ளிட்ட மூவர் உயிரிழப்போடு நிறுத்தாமல், காசாவிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டுகளையும் கணக்கில் சேர்த்தபோது, இரு தரப்புமே பதிலடி தருவது புலப்பட்டது. எதைப் ‘பதிலடி’ என்று எண்ணுவது என்பதுதான் இங்கே முடிவை மாற்றியது. புள்ளியியல் தெரியாதவர்களும் இரண்டு கட்டுரைகளின் முன்னுரையையும் தரவு பற்றிய பகுதியையும் படித்து இதைப் புரிந்துகொள்ளலாம்.

எழுத உட்காரும்போது, அப்போது இஸ்ரேலிய எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஏரியல் ஷரோன் 2000 செப்டம்பர் 28 அன்று அல்-அக்ஸா வளாகத்துக்குச் சென்றது ‘காரணம்’ என்று நேராக எழுதிவிடாதீர்கள். எழுச்சியின் தொடக்கத்தை விசாரித்த பன்னாட்டுக் குழுவான மிட்செல் குழுவின் 2001ஆம் ஆண்டு அறிக்கை, அந்த வருகை எழுச்சியை உண்டாக்கவில்லை, ஆனால் காலமறியாமல் நடந்தது என்றது. பாலஸ்தீன நிர்வாகம் முன்கூட்டியே வன்முறையைத் திட்டமிட்டது என்பதற்கும், இஸ்ரேலிய அரசு உயிர்க்கொல்லிப் படைபலத்தைத் திட்டமிட்டது என்பதற்கும் தக்க சான்று இல்லை என்றது. அந்த அறிக்கையை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் மறுப்பதானால் மறுப்பதற்கான சான்றை அடுத்த வரியிலேயே வையுங்கள்.

அரபு, எபிரேய மூலங்களை நாம் மொழிபெயர்ப்பில்தான் அறிகிறோம் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ஐ.நா. ஆவணங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூல் விலை கொடுக்க இயலாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். அரங்கில் வாசிக்கும்போது கேட்போரில் சிலர் ஏற்கெனவே உறுதியான நிலைப்பாட்டோடு வந்திருப்பார்கள், அதில் தவறொன்றும் இல்லை. ‘நீங்கள் எந்தப் பக்கம்?’ என்று ஒருவர் எழுந்து கேட்டால், மழுப்பாமல் உங்கள் நிலையை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அந்த நிலைக்கு எதிராகக் கட்டுரையில் நீங்கள் சேர்த்திருக்கும் வலுவான சான்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குக் காட்டுங்கள்.