மழைக்காலத்து மிளகாய் நாற்றுக்கு ஒரு சூட்டுப் பாய்

ஆயர் ஈத்தாமில் உட்கார்ந்துகொண்டு விதைக்குச் சூடு வைக்கிறேன் என்றதும் என் மாமியார் சிரித்தார். பகலில் 32 டிகிரி அடிக்கிற பினாங்கில் இது எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் இரவில் 24க்கு இறங்கிவிடும். ஈரமான தேங்காய்நார்த் தூள், நீர் ஆவியாக ஆக, அதைவிடவும் குளிரும். சிலி பாடி என்கிற குட்டிக் கார மிளகாய் அதற்கெல்லாம் அசராது. கடுங்காரமான நாகா மிளகாய் அப்படியில்லை. 28, 30 டிகிரி மண்சூடு கேட்கும். கொடுத்தாலும் இரண்டு மூன்று வாரம் காக்க வைக்கும்.

முதல் தடவை ஹீட் மேட்டை, அதாவது விதைத்தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்சாரச் சூட்டுப் பாயை, நேரே பிளக்கில் செருகிவிட்டேன். அது சுற்றியுள்ள சூட்டைவிட ஐந்து முதல் பத்து டிகிரி ஏற்றும் பொருள். பிளாஸ்டிக் கூரைக் கொட்டகையில் மத்தியானம் என்ன ஆகும்? ஒரு தட்டு விதையும் அவிந்து போனது. ஆகவே சூட்டை அளந்து பாயைத் தானாகவே அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வாங்காதீர்கள். அதன் உணர்முனையைக் காற்றில் தொங்க விடாமல், விதை கிடக்கும் ஆழத்தில் மண்ணுக்குள் செருகி 28இல் வையுங்கள். பகலில் அது தானாகவே அணைந்து கிடக்கும். வேலை எல்லாம் விடியற்காலையில்தான்.

பாய்க்கு அடியில் ஒரு பாலிஸ்டைரின் பலகை போடுங்கள், சூடு சிமெண்டுத் தரைக்குப் போகாது. மேலே குழித்தட்டு, அதற்கு மூடி. கவனம், சூடு கீழிருந்து வருவதால் அடிமண்தான் முதலில் காயும். மேலே ஈரமாகத் தெரிகிறதே என்று ஏமாறாமல் தட்டைத் தூக்கி எடை பாருங்கள். லேசாக இருந்தால் அடியில் தண்ணீர் ஊற்றி உறிஞ்ச விடுங்கள். தண்ணீரும் கரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் அந்த பிளக்குக்கு, கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் கசிவுக் காப்பு கட்டாயம் வேண்டும். அதை வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

பாதி விதை தலைகாட்டியதும் மூடியை எடுத்து, முளைத்ததை எல்லாம் பாயிலிருந்து இறக்கி வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். இரண்டு நாள் அசந்தாலும் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

மல்லிகை, செம்பருத்திக் குச்சிகளுக்கு இந்தப் பாயே வேண்டாம். நம் ஊர்ச் சூடே அவற்றுக்கு வேர்விடப் போதும். நிழலும் மேலே கவிழ்த்த ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தால் சரி. மாமியார் மைலோ டின்னில் குத்தி வைத்த செம்பருத்தி, என் மிளகாய்க்கு முன்னாலேயே துளிர்த்துவிட்டது.