நீரும் எண்ணெயும் பிரியாத க்ரீம்: வீட்டில் பால்மமாக்கியைக் கையாளும் முறை

வீட்டிலேயே சருமப்பூச்சு செய்து பார்க்க விரும்புபவர்கள் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர் ஆகிய மூன்றையும் சூடாக்கிக் கலந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அடிக்கும்போது வெண்ணெய்போல் திரண்டு வந்த க்ரீம், மூன்றாம் நாள் காலையில் மேலே மெழுகும் அடியில் பன்னீருமாகப் பிரிந்து கிடந்தது. தேன்மெழுகு எண்ணெயைக் கெட்டிப்படுத்துமே தவிர, அதனை நீரோடு இணைக்காது. அந்த வேலைக்குப் பால்மமாக்கி என்ற தனிப்பொருள் வேண்டும். கடையில் எமல்சிஃபையர் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

பால்மமாக்கியின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் நீரையும் பற்றிக்கொள்வதால், எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி, ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் நீருக்குள் நிற்கிறது. தேங்காய்ப் பாலில் இதனைச் செய்வது தேங்காயின் புரதங்கள். நெடுநேரம் கொதிக்கவிட்டால் அப்புரதங்கள் சிதைந்து பால் திரிந்து எண்ணெய் மிதப்பதைச் சமையலறையில் எல்லோரும் பார்த்திருப்போம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது சீயக்காயிலுள்ள சபோனின்கள் பிசுக்கை நீரோடு போகச் செய்வதும் இதே தன்மையால்தான். ஆனால் சீயக்காயைக்கொண்டு நிலைத்து நிற்கும் க்ரீம் செய்ய இயலாது.

முதன்முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது எமல்சிஃபையிங் வேக்ஸ். இதில் பொதுவாகச் சீட்டரில் ஆல்கஹாலும் பாலிசார்பேட் 60 என்ற பொருளும் சேர்ந்திருக்கும். சீட்டரில் ஆல்கஹால் தனியாகவும் அதே வெண்ணிறச் செதில்களாக விற்கப்படுகிறது. அது பதத்தைக் கெட்டியாக்கும் துணைப்பொருள் மட்டுமே என்பதால், வாங்கும்போது சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்ப்பது அவசியம். வில்லியம் கிரிஃபின் 1949-ஆம் ஆண்டு வகுத்த எச்எல்பி (நீர்நாட்டம், எண்ணெய்நாட்டம் இரண்டின் சமநிலை) என்ற அளவுகோலின்படி, எண் குறைந்த பால்மமாக்கிகள் எண்ணெய்க்குள் நீர்த்துளிகளையும், எண் கூடியவை நீருக்குள் எண்ணெய்த்துளிகளையும் நிறுத்துகின்றன. எமல்சிஃபையிங் வேக்ஸில் இந்தக் கணக்கு ஏற்கெனவே போடப்பட்டிருப்பதால், தொடக்கத்தில் அதனை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எண்ணெயின் எடையில் கால் பங்கு வேக்ஸ் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

நூறு கிராம் க்ரீமுக்கு வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) 69 கிராம், கிளிசரின் 4 கிராம், நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து 20 கிராம், எமல்சிஃபையிங் வேக்ஸ் 5 கிராம், க்ரீம் கெடாமல் காக்கும் பதப்பொருள் (பிரிசர்வேட்டிவ்) 1 கிராம், வைட்டமின் ஈ அரை கிராம், லாவண்டர் எண்ணெய் அரை கிராம் எடுத்துக்கொள்ளவும். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது, 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு வேண்டும். பாத்திரங்களையும் புட்டிகளையும் கழுவி உலர்த்தி, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளவும்.

நீரையும் கிளிசரினையும் ஒரு கண்ணாடிக் குவளையிலும், எண்ணெய்களையும் மெழுகையும் இன்னொன்றிலும் இட்டு, இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, 70 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கவும். இரண்டும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருப்பது முக்கியம். நீர் ஆறியிருந்தால், ஊற்றிய கணமே மெழுகு உறைந்து திப்பித்திப்பியாகிவிடும். சூடாக்கும்போது ஆவியாகிப் போன நீரை மீண்டும் எடை பார்த்து, சூடான வாலைவடிநீரால் ஈடுசெய்யவும். பிறகு எண்ணெயை நீரில் ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரின் தலை முழுவதும் மூழ்கியிருக்குமாறு பிடித்து, விட்டுவிட்டு இரண்டு மூன்று நிமிடம் அடிக்கவும். தலை வெளியே வந்தால் காற்று புகுந்து க்ரீம் நுரையாகிவிடும். இந்தக் கட்டத்தில் கலவை பாலைப்போலத் தண்ணீராக இருப்பதைக் கண்டு பயந்து கூடுதலாக மெழுகு போட்டுவிட வேண்டாம். ஆற ஆறத்தான் அது இறுகும். முழுப் பதம் மறுநாள்தான் தெரியும். ஆறும்வரை அவ்வப்போது கரண்டியால் கிளறிக்கொண்டிருந்து, 40 டிகிரிக்குக் கீழ் இறங்கியதும் பதப்பொருளையும் வைட்டமின் ஈயையும் நறுமண எண்ணெயையும் சேர்க்கவும். முற்றிலும் ஆறுமுன் மூடினால் மூடியில் ஆவி படிந்து சொட்டும், பூஞ்சைக்கு அதுவே போதும்.

பதப்பொருளைத் தவிர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. பால்மமாக்கி க்ரீமைப் பிரியாமல் காக்குமே ஒழிய, கெடாமல் காக்காது. நீர் சேர்ந்த எதிலும் கிருமிகள் வளரும், அவை கண்ணுக்குத் தெரியும் அளவு பெருகுவதற்கு வெகுமுன்பே க்ரீம் கெட்டுப்போயிருக்கும். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். மஞ்சளோ வேப்பெண்ணெயோ பதப்பொருளுக்கு ஈடாகாது. ஃபினாக்ஸிஎத்தனால் அடங்கிய கலவைகள் எளிதில் கிடைக்கின்றன. உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவை மீற வேண்டாம். பதப்பொருளே வேண்டாம் என்பவர்கள் நீரை அறவே விட்டுவிட்டு, தேன்மெழுகும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த தைலப்பூச்சைச் செய்துகொள்வது நல்லது.

குளியல் எண்ணெய்க்குச் சூடாக்கும் வேலையே இல்லை. எண்ணெயின் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை பாலிசார்பேட் 80 என்ற பால்மமாக்கியைச் சேர்த்துக் கலக்கி வைத்தால், குளிநீரில் விட்டதும் அது மேலே மிதக்காமல் பாலாகப் பரவும். சர்க்கரை ஸ்க்ரப்புக்கு எண்ணெய் 30 கிராமில் எமல்சிஃபையிங் வேக்ஸ் 8 கிராமை உருக்கி, ஆறியபின் சர்க்கரை 60 கிராம் சேர்க்கலாம். கழுவும்போது உடலிலும் குளியலறைத் தரையிலும் பிசுக்குக் குறைவாகவே தங்கும். ஈரக் கையை மட்டும் புட்டிக்குள் விடக் கூடாது.

க்ரீம் நிற்குமா என்று அறிய, சிறிய புட்டியில் கொஞ்சம் எடுத்து ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியிலும் மறுநாள் வெளியிலுமாக மூன்று முறை மாற்றி வைத்துப் பார்க்கவும். நீர் கசிந்தால், மெழுகு குறைவு அல்லது வெப்பம் போதவில்லை என்று பொருள். அடுத்த முறை மெழுகை ஒரு கிராம் கூட்டி, நீரை அதே அளவு குறைக்கவும். பிரியாமல் நின்ற க்ரீமை முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி, இரண்டு நாள் அரிப்போ சிவப்போ இல்லையென்று உறுதிசெய்தபின் முகத்துக்குப் பயன்படுத்தவும். புட்டியின் மேல் செய்த தேதியையும் எடைகளையும் எழுதி ஒட்டி வைத்தால், அடுத்த முறை எதை மாற்றுவது என்ற குழப்பம் இருக்காது.