நன்றாக வளர்ந்தும் ஸ்ட்ரெப்டோமைசின் வரவில்லையா? மீடியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை உருவாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் பாக்டீரியா, குடுவையிலுள்ள மீடியத்தில் (ஊட்டக் கரைசலில்) கெட்டியாக வளர்ந்திருக்கும். வடிகட்டிய திரவத்தை பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற சோதனை பாக்டீரியா பரப்பிய அகர் தட்டில் வைத்தால், அது வளராத தடுப்பு வளையமே இருக்காது. முதலில் சந்தேகிக்க வேண்டியது பாஸ்பேட்டை.

பிஎச் நிலையாக இருக்கட்டும் என்று லிட்டருக்கு 2 கிராம் டைபொட்டாசியம் பாஸ்பேட்டைப் பழக்கத்தில் போட்டுவிடுகிறோம். அதுவே சுமார் 11.5 மில்லிமோலார். இந்த அளவிலேயே பல ஆன்டிபயாடிக்குகளின் உற்பத்தி சரியத் தொடங்கும். ஸ்ட்ரெப்டோமைசின் செல்லுக்குள் பாஸ்பேட் ஒட்டிய, செயலற்ற வடிவில்தான் உருவாகிறது. கடைசியில் பாஸ்படேஸ் நொதி அந்தப் பாஸ்பேட்டை வெட்டியெடுத்தால்தான் அது மருந்தாகும். வெளியே பாஸ்பேட் மிகுந்தால் அந்த நொதி அடங்கிவிடும். பாஸ்பேட் உப்பை நிறுத்தியும் பலனில்லை என்றால் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டைக் குறையுங்கள். அதற்குள்ளும் பாஸ்பேட் உண்டு. அமிலம் ஏறாமலிருக்கக் கால்சியம் கார்பனேட் சேர்க்கலாம். அது பாஸ்பேட்டையும் ஓரளவு பிடித்து வைக்கும்.

அம்மோனியம் சல்ஃபேட்டை அள்ளிப் போடுவதும் இதே வகைத் தவறு. எளிதில் கிடைக்கும் நைட்ரஜன் வளர்ச்சியைத் தூண்டி, உற்பத்தியைத் தள்ளிப்போடும். சோயா மாவு மெல்லச் சிதைந்து கொஞ்சம் கொஞ்சமாக நைட்ரஜன் தரும். லிட்டருக்கு குளுக்கோஸ் 10 கிராம், சோயா மாவு 10 கிராம், சோடியம் குளோரைடு 5 கிராம்: பழைய கலவைதான், ஆனால் தொடங்குவதற்கு இதைவிட நல்லது தேட வேண்டாம்.

'குளுக்கோஸ் உற்பத்தியை அடக்கும்' என்று படித்துவிட்டு அதை அடியோடு நீக்குபவர்களும் உண்டு. ஆக்டினோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்குக்கு அது பொருந்தும். அங்கே கேலக்டோஸ் நல்லது. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் மூலக்கூறின் மூன்று பகுதிகளுமே குளுக்கோஸிலிருந்து கட்டப்படுபவை. நீக்கினால் மூலப்பொருளே போய்விடும். கூடுதலாக வேண்டுமென்றால் பகுதி பகுதியாகக் கொடுங்கள்.

குளுக்கோஸை சோயாவோடு சேர்த்து ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யாதீர்கள். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து மீடியம் பழுப்பேறும், இரண்டும் வீணாகும். 20 சதவீதக் கரைசலாகத் தனியே 115 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, ஆறியபின் 950 மில்லி மீடியத்துக்கு 50 மில்லி சேருங்கள்.

250 மில்லி குடுவையில் 50 மில்லிக்கு மேல் வேண்டாம்; காற்று போதாது. 28 டிகிரியில் வளர்த்து, இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை தினமும் மாதிரி எடுங்கள். வளர்ச்சி தணிந்த பிறகே உற்பத்தி வேகம் பிடிக்கும் என்பதால் 24 மணி நேர மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சோதனைத் தட்டின் அகர் பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கட்டும். அமிலச் சூழலில் ஸ்ட்ரெப்டோமைசினின் வீரியம் குறைந்து, மருந்து இருந்தும் வளையம் சிறிதாகத் தெரியும்.